‘போயிட்டு வரேன்’ வம்சம்

வண்டி வந்துவிட்டது. பெட்டி கட்டியாகிவிட்டது. வழிக்கு ரொட்டியும் சுற்றி வைத்தாகிவிட்டது. வாசற்கதவு மட்டும் திறக்கவில்லை.

திறக்காது. அந்த மாளிகையின் வாசற்கதவு சாவிக்குத் திறக்கிற ரகமில்லை. கிளம்புகிறவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால்தான் அதுவும் வாயைத் திறக்கும். எந்த வார்த்தையைச் சொல்வது என்பதில்தான் அந்தப் பிரபு குடும்பம் ஒன்பது தலைமுறையாக முழி பிதுங்கிக் கிடக்கிறது.

கதவில் முகமளவுக்கு ஒரு கம்பித் துவாரம். அதில் ஒரு மீசை தெரிந்தது. தபால் வண்டிக்காரருடைய மீசை.

"அம்மணி, குதிரைங்க கோவிச்சுக்குது. உச்சிப்பொழுதுக்குள்ள மலையிறங்கலேன்னா சத்திரத்தைப் பிடிக்க முடியாது. சத்திரத்தைப் பிடிக்கலேன்னா நாளைக்குத் துறைமுகம் கிடையாது. துறைமுக அதிகாரி என்ன சொல்லி அனுப்பினாருன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்குண்ணே. வந்ததிலிருந்து அதையேதான் சொல்லிட்டிருக்கீங்க."

"இன்னொரு தடவையும் கேட்டுக்கோங்க. இந்த வண்டியில விளக்குக்காரி வந்து இறங்கினா வேலை அவளுக்கு. வெறும் வண்டி வந்து நின்னா வேலை அவரு மச்சானுக்கு."

விளக்குக்காரி என்று அவர் சொன்னது கடைக்குட்டியை. வயது இருபத்தெட்டு. அவளுக்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் யாரும் பிறக்காததால் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. மாளிகை விளக்குகளெல்லாம் அவள் பொறுப்பு. திரி கத்தரிப்பது, புகை பிடித்த கண்ணாடியைத் துடைப்பது, எண்ணெய்த் தொட்டியில் விழுந்த வௌவாலைத் தூக்கிப் போடுவது எல்லாம் அவள்தான். பொழுது சாய்ந்ததும் வடக்குக் கோபுரத்து ஜன்னலில் போய் நிற்பாள். தொடுவானத்தில் ஒரு புள்ளி பளிச்சென்று மின்னும், அணையும், மறுபடி மின்னும். கடற்கரையோரத்துக் கலங்கரை விளக்கம். அங்கே வேலை பார்த்த கிழவருக்குக் கண் மங்கிவிட்டது என்று வண்டிக்காரர் மூலம் தெரிந்ததும், ‘நான் வரேன்’ என்று சொல்லி அனுப்பினாள். அதிகாரி சோதித்துப் பார்க்க, விளக்கைச் சுழற்றும் இயந்திரம் ஒன்றைப் பல்சக்கரம் தேய்ந்த நிலையில் அனுப்பினார். அவள் பழுது பார்த்ததும் அது பம்பரம் மாதிரி சுழன்றுகொண்டே திரும்பிப் போனது.

அந்த வேலையில் அவளை இழுத்த சங்கதி இன்னொன்றும் உண்டு. கலங்கரை விளக்கத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருக்க முடியும். பேச்சுத் துணைக்கு ஈ, காக்கை கிடையாது. ஒரு ராத்திரி முழுக்க யாரும் பேசாவிட்டால் எப்படி இருக்கும் என்பது கடைக்குட்டிக்குத் தெரியாது. அவள் வீட்டில் இதுவரை செத்தவர்கள் யாரும் போகவில்லை.

சாபம்தான். வேறென்ன?

மாளிகையைக் கட்டிய முதல் பிரபு, வாலிப வயதில், கொட்டுகிற மழையில் சதுப்பு நிலத்துக் காற்றாலை ஒன்றில் ஒதுங்கினார். அங்கே இருந்தவள் ஒரு சூனியக்காரி. தலையைத் துவட்டத் துணி கொடுத்தாள், சூடாக சூப் கொடுத்தாள், தன் போர்வையையும் கொடுத்துவிட்டு விடியும் வரை அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலையில் வெயில் வந்தது. "போயிட்டு வரேன்" என்றார் வாலிபர். போனார். அவள் தினமும் பொழுது சாய்ந்ததும் இன்னொரு தட்டை எடுத்து வைத்துக் காத்திருந்தாள். வாலிபர் போர் செய்தார், பட்டம் வாங்கினார், மலை உச்சியில் மாளிகை கட்டினார், கல்யாணமும் செய்துகொண்டார். மாளிகையில் முதல் விருந்து நடந்தபோது அவள் அந்தத் தட்டோடு வந்து நின்றாள்.

"வரேன்னு சொன்னியேப்பா?"

பிரபு ஒரு நிமிடம் யோசித்துவிட்டுப் பெரிதாகச் சிரித்தார். "அட, அதைச் சொல்றியா? அது சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னதும்மா!"

விருந்தே சிரித்தது. சூனியக்காரியும் சிரித்தாள். அதற்குத்தான் எல்லோரும் பயந்திருக்க வேண்டும்.

"பேச்சுக்கா? நல்ல சௌகரியம். இனிமே உன் வம்சத்துக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. இந்த வீட்டை விட்டுக் கிளம்பும்போது என்ன சொல்றீங்களோ, அது எழுத்துக்கு எழுத்து நடக்கும். ஒண்ணும் சொல்லாம நழுவப் பார்த்தா கதவு திறக்காது."

‘இது ஒரு சாபமா?’ என்று பிரபு அன்றைக்கெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தார். வேட்டைக்குக் கிளம்பும்போது "போயிட்டு வரேன்" என்பார், சூரியன் சாய்ந்ததும் கால்கள் தாமாகவே திரும்பி மலையேறிவிடும். நல்லதுதானே? அவர் மனைவிக்கு இன்னும் சந்தோஷம். பல வருஷம் கழித்து அவர் நோயில் விழுந்து, மனைவியின் கையைப் பிடித்து, பழக்க தோஷத்தில் "போயிட்டு வரேன்மா" என்று சொல்லிக் கண்ணை மூடினார். காலையில் புதைத்தார்கள். சாயங்காலம் உடம்பெல்லாம் மண்ணோடு வந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, "என்ன, விளக்குக்கூட ஏத்தல?" என்றார்.

"இப்பதானேய்யா அழுது முடிச்சேன்!" என்றாளாம் மனைவி.

அதோடு ஆரம்பித்தது. மரியாதை தெரிந்த குடும்பம். வாசலில் நின்று மொட்டையாகப் ‘போறேன்’ என்று சொல்ல யாருக்கும் நாக்கு எழாது. சண்டைக்குப் போனவரும் ‘போயிட்டு வரேன்’, சாகக் கிடந்தவளும் ‘போயிட்டு வரேன்’. இரண்டாம் பிரபு போரில் தலையை இழந்தார். உடம்பு அன்று மாலையே வந்துவிட்டது. தலை கொஞ்சம் தாமதமாக, ஒரு காய்கறி வண்டியில், முட்டைக்கோசுகளுக்கு நடுவில் இருந்து வண்டிக்காரனுக்கு வழி சொல்லிக்கொண்டே வந்து சேர்ந்தது. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரிவதால் வீட்டில் எல்லோரும் அவரைத் ‘தலைவர்’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

புத்திசாலிகள் வேறு வார்த்தை தேடினார்கள். ஒரு பெரியப்பா "கிளம்புறேன்" என்றார். நூறு வருஷத்துக்கு மேலாகக் கிளம்பிக்கொண்டே இருக்கிறார். இன்னும் வாசல் நடையில் உட்கார்ந்து இடது கால் பூட்ஸுக்கு நாடா கட்டுகிறார். ஒரு சித்தப்பா "பார்க்கலாம்" என்றார். அன்றிலிருந்து அவரைப் பார்க்கலாம். மாடிப்படிக்கு மேலே, தங்கச் சட்டம் போட்ட ஓவியமாக மாட்டியிருக்கிறார், அவ்வளவுதான். இலக்கியம் படித்த அத்தை ஒருத்தி "விடை கொடுங்கள்" என்று கேட்டாள். கொடுக்கப்பட்டது. உலகத்திலுள்ள எல்லா விடைகளும். யாரும் கேட்காத கேள்விகளுக்கெல்லாம் இன்றுவரை விடை சொல்லிக்கொண்டிருக்கிறாள் அந்த விடை அத்தை.

குடும்பத்து வக்கீல் மாமாதான் உண்மையில் கெட்டிக்காரர். சட்டப்படி ஓட்டை இல்லாத ஒரு வாக்கியம் தயாரித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். ‘நான் இப்போது வெளியே செல்கிறேன், ஆனால் திரும்புவது என் விருப்பத்தைப் பொறுத்தது, எனினும் விருப்பம் என்பது இங்கே...’ ஒவ்வொரு நிபந்தனைக்கும் இன்னொரு நிபந்தனை தேவைப்பட்டது. வாக்கியம் இன்னும் முடியவில்லை. கதவோரமாக நின்று முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறார்.

வாய் கூசாமல் "போறேன்" என்று சொன்னவர் ஒரே ஒருவர்தான். கதவு அழகாகத் திறந்தது, போனார். அவரோடு அவர் பெயரும் போனது. அவர் முகம் போனது. குடும்ப ஓவியத்தில் இரண்டு அண்ணன்மார்களுக்கு நடுவே ஓர் ஆள் அளவுக்கு வெறும் துணி இருக்கிறது. அவர் தம்பியா தங்கையா என்றுகூட இன்று யாருக்கும் தெரியாது. பெற்றவளே அந்த இடைவெளியைப் பார்த்து, "இங்க ஏன் இவ்வளவு இடம் விட்டிருக்காங்க?" என்று கேட்டாளாம்.

இவ்வளவும் தெரிந்துதான் கடைக்குட்டி வாசலில் நின்றாள். அவளிடம் ஒரு வார்த்தை இருந்தது. இரண்டு வருஷமாக யோசித்துப் பிடித்து வைத்த வார்த்தை.

வழியனுப்ப மொத்த வம்சமும் நடையில் கூடியிருந்தது. உயிரோடு இருப்பவர்கள் இரண்டே பேர். கையில் கரண்டியோடு அம்மா. பாதி முகச்சவரத்தில் ஓடி வந்ததால் ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு அப்பா. மற்றவர்களெல்லாம் கொஞ்சம் சாம்பல் நிறமாக, கொஞ்சம் சில்லென்று, ஒருவர் தோள் வழியாக ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்லா யோசிச்சியாடி?" என்றாள் அம்மா.

"யோசிச்சாச்சும்மா. நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல. கேட்கப்போறேன். கேள்வி எப்படிம்மா நடக்கும்?" அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். கதவைப் பார்த்தாள். தெளிவாகக் கேட்டாள்.

"வரட்டுமா?"

கதவு ஒரு கணம் குழம்பியது. பிறகு க்ர்ர்ரென்று திறந்தது! வெளியே வெயில்! வண்டி! குதிரைகள்! வண்டிக்காரர் தொப்பியைக் கழற்றிக் காற்றில் வீசினார். கடைக்குட்டி ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்தாள்.

"சரிம்மா, வா!" என்று வாய் நிறையச் சொன்னார்கள் அத்தனை பேரும்.

அவ்வளவுதான். யாரோ சட்டையின் முதுகைப் பிடித்து இழுத்த மாதிரி அவள் பின்னோக்கிப் பறந்து, தலைவர் மேல் மோதி நின்றாள். தலை எகிறி விழுந்து உருண்டது. கதவு படாரென்று மூடிக்கொண்டது.

"யாரு சொன்னது? யாரு ‘வா’ன்னு சொன்னது?"

எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள்.

"வாயில வந்துடுச்சும்மா," என்றார் அப்பா குற்ற உணர்வோடு. "வரட்டுமான்னு கேட்டா வேற என்னம்மா சொல்றது?"

"ஒண்ணும் சொல்லாதீங்க! யாரும் மூச்சு விடக்கூடாது!"

"நாங்க மூச்சு விட்டு வருஷக்கணக்காச்சு," என்றது உருண்டு கிடந்த தலை.

ஏற்பாடுகள் நடந்தன. பூட்ஸ் பெரியப்பா நாடாவை வாயில் கவ்விக்கொண்டார். தலைவர் ஒரு கையால் தலையைப் பிடித்து, மறு கையால் அதன் வாயைப் பொத்தினார். சித்தப்பாவின் ஓவியத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டினார்கள். விடை அத்தை மட்டும் "கிழக்கு. ஆமா, ஆனா வெந்நீர்ல. மூணு பேருமே அவன் தம்பிங்கதான்," என்று பொழிந்துகொண்டிருந்ததால், அம்மா வழிக்கென்று சுற்றி வைத்திருந்த ரொட்டியில் ஒன்றை எடுத்து அவள் வாயில் திணித்தாள்.

"வரட்டுமா?"

கதவு திறந்தது. நிசப்தம். கடைக்குட்டியின் வலது கால் உயர்ந்தது. உயர்ந்த கால் உயர்ந்தபடியே நின்றது. அவளால் அதை வெளியே வைக்கவும் முடியவில்லை, உள்ளே இழுக்கவும் முடியவில்லை. கேள்வி கேட்டாகிவிட்டது. பதில் வராமல் நகர முடியாது.

"அப்பா!" ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி ஆடிக்கொண்டே கத்தினாள். "‘போ’ன்னு சொல்லுங்க! ஒரே எழுத்துதான்!"

அப்பா அரண்டுபோனார். அவர் பரம்பரையில் யாரும் யாரையும் பார்த்து அப்படிச் சொன்னதில்லை. பூனையைக்கூட "கொஞ்சம் தள்ளிக்கோம்மா" என்றுதான் விரட்டுவார். சோப்பு நுரையைத் துடைத்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"போ..."

"அப்படித்தான்! சொல்லுங்க!"

"போ... போ... போர்வை எடுத்துக்கிட்டியாம்மா? கடல் காத்து ஆகாது."

"ஐயோ அப்பா!"

"என்னால முடியலம்மா, பெத்த பொண்ணைப் பார்த்து எப்படி..."

அந்த நேரம் பார்த்து விடை அத்தை ரொட்டியை விழுங்கி முடித்தாள். அவள் சொன்ன எத்தனையோ விடைகளில் சரியான கேள்விக்குச் சரியான நேரத்தில் விழுந்த விடை அது ஒன்றாகத்தான் இருக்கும்.

"வா!"

இந்த முறை கடைக்குட்டி பெட்டியின் மேலேயே வந்து விழுந்தாள்.

"அம்மணி," என்றது கம்பித் துவாரத்து மீசை. "நான் பொறுமைசாலின்னு ஊருக்கே தெரியும். இப்ப குதிரைக்குத் தண்ணி காட்டப்போறேன். அது குடிச்சு முடிச்சு நிமிர்ந்ததும் வண்டி கிளம்பிடும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க."

அவர் வாளியோடு போகிற சத்தம் கேட்டது. பிறகு குதிரைகள் உறிஞ்சுகிற சத்தம். நல்ல தாகம் போலிருக்கிறது, வேகமாகக் குடித்தன.

கடைக்குட்டி எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். அவள் முகத்தில் விளையாட்டு போய்விட்டது. அதைப் பார்த்ததுமே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

"வேண்டாண்டி."

"வேற வழியில்லம்மா."

"அந்த வார்த்தையைச் சொல்லாத. சொன்னா என்ன ஆகும்னு தெரியுமில்ல?"

"தெரியும். வேலை கிடைக்கும். உங்களுக்கு என்னைத் தெரியாமப் போகும். எனக்கு உங்களை ஞாபகம் இருக்கும், அது போதும். மறந்துட்டா உங்களுக்கு வலிக்காதேம்மா."

"வலிக்காதா?" அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் குரலை உயர்த்தவில்லை. "நாளைக்குக் காலையில கோபுரத்து அறையில ஒரு கட்டில் இருக்கும். யாரோடதுன்னு தெரியாம போர்வையை மடிச்சு வைப்பேன். சாயங்காலம் ஆனா எதுக்குன்னு தெரியாம ஜன்னல்ல போய் நிப்பேன். தூரத்துல வெளிச்சம் மின்னும். அது என்ன, ஏதுன்னு தெரியாமலே அதைப் பார்த்துட்டு அழுதுட்டு இருப்பேன். இதுல வலி இல்லேன்னு உனக்கு யாருடி சொன்னது?"

வக்கீல் மாமாகூட முணுமுணுப்பை ஒரு காற்புள்ளியில் நிறுத்திவிட்டார்.

வெளியே ஒரு குதிரை நிமிர்ந்து கனைத்தது.

கடைக்குட்டிக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. இரண்டில் கோபம் முந்திக்கொண்டது.

"அப்ப நான் என்னதான் சொல்றது? ‘வரேன்’னா இழுத்துட்டு வந்துடுது. ‘போறேன்’னா துடைச்சுப் போட்டுடுது. கேள்வி கேட்டா பதில் சொல்லிக் கெடுக்கறீங்க! ஒவ்வொருத்தரும் ஒரு வார்த்தையைச் சொல்லிட்டு வந்து இங்க உட்கார்ந்துட்டு, என்னை மட்டும் யோசி யோசின்னா? ஒண்ணு பண்ணுங்க. மூட்டை முடிச்சைக் கட்டிக்கிட்டு வாங்க, எல்லாருமே போகலாம்! பிரச்சினையே தீர்ந்துது!"

சொல்லி முடித்து மூச்சு வாங்கினாள். சொன்ன பிறகுதான், தான் எங்கே நின்று சொல்கிறோம் என்பது உறைத்தது.

கதவு திறந்தது.

ஒற்றைக் கதவு இல்லை. மாளிகை கட்டிய நாளிலிருந்து அசையாமல் துருப்பிடித்துக் கிடந்த மற்றொரு கதவும் சேர்ந்து, இரண்டும் விரியத் திறந்து, சுவரில் மோதி, அங்கேயே நின்றன. வெயில் நடை முழுக்கக் கொட்டியது. வௌவால்கள் ‘இதென்ன அக்கிரமம்’ என்கிற மாதிரி கீச்சிட்டுக்கொண்டு உள்ளே பறந்தன.

எல்லோரும் இழுபடக் காத்திருந்தார்கள். தூணைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். எதுவும் இழுக்கவில்லை.

"என்னது, ஒண்ணும் ஆகல?" என்றார் அப்பா.

"‘லாம்’!" என்றார் யாரோ.

வக்கீல் மாமா! நூற்றுச்சொச்ச வருஷத்தில் அந்த வாக்கியத்துக்கு வெளியே அவர் சொன்ன முதல் சொல். கண்கள் ஜொலித்தன.

"‘போகணும்’னு சொல்லல. ‘போவோம்’னு சொல்லல. ‘போகலாம்’னு சொல்லியிருக்கா. ‘லாம்’னா கட்டளை இல்லய்யா, அனுமதி! போகவும் செய்யலாம். போகாமலும் இருக்கலாம். வரலாம். வராமலும் இருக்கலாம். ஐயோ, நான் இவ்வளவு நீளமா யோசிச்ச விஷயம் ரெண்டு எழுத்துல முடிஞ்சு போச்சே! முற்றுப்புள்ளி! முற்றுப்புள்ளி!" என்று ஓவியத்துச் சித்தப்பாவைக் கட்டிப் பிடித்தார். சித்தப்பா சுவர்ப்பக்கம் திரும்பியே இருந்ததால் மாமாவுக்குச் சட்டத்தின் முதுகுதான் கிடைத்தது.

"அப்ப நான் போகலாமா?" கடைக்குட்டிக்கு நம்பிக்கை வரவில்லை.

"போகலாம்!"

"மறக்க மாட்டீங்களா?"

"மறக்கறதுக்கு யாருடி அனுமதி கொடுத்தா?" என்றாள் அம்மா.

கடைக்குட்டி ஒரு காலை வெளியே வைத்தாள். யாரும் இழுக்கவில்லை. மறு காலையும் வைத்தாள். திரும்பிப் பார்த்து அம்மாவிடம் தன் பெயரைக் கேட்டாள். "கடைக்குட்டி" என்றாள் அம்மா. இரண்டு பேரும் கத்திக்கொண்டே கட்டிப் பிடித்துக் குதித்தார்கள்.

அங்கே நிறுத்தியிருந்தால் எல்லாம் சுபம். ஆனால் அம்மா மரியாதை தெரிந்த குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். மகள் முதன்முதலாகத் தூர தேசம் போகிறாள், பெரியவர்கள் கூடப் போய்க் கொண்டு விடாவிட்டால் நன்றாகவா இருக்கும்? கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டும்போது, வாயில் வந்துவிட்டது.

"நாங்க எல்லாரும் சும்மா உன்னைக் கொண்டுபோய் விட்டுட்டு வந்துடறோம்."

அப்பா நெற்றியில் அடித்துக்கொண்டார். நுரை தெறித்தது.

ஆனால் சொன்னது சொன்னதுதான். ‘எல்லாரும்’ என்றுவிட்டாளே! எல்லோருடைய கால்களும் நடந்தன. முதல் பிரபு கைத்தடியோடு முன்னால். பூட்ஸ் பெரியப்பா ஒரு பூட்ஸோடு நொண்டிக்கொண்டே, "இதோ, இதோ, ஆச்சு," என்றபடி. சித்தப்பாவின் ஓவியம் ஆணியிலிருந்து கழன்று, சட்டத்தின் இரண்டு மூலைகளையும் கால்களாக வைத்துத் தத்தித் தத்தி வந்தது. தலைவர் தலையை உயர்த்திப் பிடித்துக்கொண்டார், கூட்டத்தில் வழி தெரியட்டும் என்று.

வண்டிக்காரர் வாளியைக் கீழே போட்டார்.

"அம்மணி, ஒரு ஆளுன்னுதானே பேச்சு?"

"பேச்சு மாறிடுச்சுண்ணே."

"இவங்க எல்லாரும்... இருக்கறவங்களா, இல்லாதவங்களா?"

"கலந்துதான்."

"இல்லாதவங்க மேல ஏறிக்கட்டும்," என்றார் வண்டிக்காரர், தொழில் சுத்தமானவர். "மேல எவ்வளவு குலுங்கினாலும் அவங்களுக்குத் தாங்கும்."

குதிரைகள் மிரண்டது உண்மை. ஆனால் எடை குறைவு என்று தெரிந்ததும் சமாதானமாகிவிட்டன. வண்டி மலையிறங்கியது. கூரைமேலிருந்து ஒரே கூச்சல். முதல் வளைவிலேயே முதல் பிரபு, "யாருய்யா இந்த மரத்தை இங்க வெச்சது?" என்று சண்டைக்கு வந்தார். ஆற்றுப் பாலத்தில் தலைவர் தலையை வெளியே நீட்டி வேடிக்கை காட்டினார், கைநீளத்துக்கு. வழியில் எதிர்ப்பட்ட மீன்காரி ஒருத்தி கூடையை அங்கேயே போட்டுவிட்டு வந்த வழியே ஓடினாள்.

பொழுது சாய ஆரம்பித்தது. வண்டிக்குள் அப்பா இருக்கையின் கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார். ஐம்பது வயதுக்கு மேல் ஆகியும் அவர் ஒரு சூரிய அஸ்தமனத்தைக்கூட வீட்டுக்கு வெளியே முழுதாகப் பார்த்ததில்லை. அது பொன்னிறமானது. சிவந்தது. மலைக்குப் பின்னால் விழுந்தது. கால்கள் அசையவில்லை.

"இழுக்கலையே," என்றார் ரகசியமாக.

"ஏன் இழுக்கணும்?" கூரையிலிருந்து வக்கீல் மாமாவின் தலை தலைகீழாக ஜன்னலில் தொங்கியது. "‘விட்டுட்டு வந்துடறோம்’னுதானே உங்க வீட்டம்மா சொன்னாங்க? இன்னும் விடலையே!"

அதைச் சொன்ன மாத்திரத்தில் அவர் முகத்தில் ஏதோ ஓடியது. தலைகீழாக இருந்தாலும் அது ஒரு வக்கீல் கண்டுபிடித்துவிட்ட முகம் என்பது தெரிந்தது. அம்மாவைப் பார்த்தார். அம்மா அவரைப் பார்த்தாள். மாமாவின் தலை ஒரு சின்னச் சிரிப்போடு கூரைக்கு ஏறிக்கொண்டது.

மறுநாள் துறைமுகம். அதிகாரி மூக்குக் கண்ணாடியை இரண்டு முறை துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். மச்சானும் பக்கத்தில் தயாராக நின்றான். தலைவர் மரியாதைக்குத் தலையைத் தொப்பி மாதிரி தூக்கி வணக்கம் சொன்னதும் மச்சானுக்கு ஊரில் அவசர வேலை இருப்பது ஞாபகம் வந்துவிட்டது.

"இங்க ஒரு ஆளுக்குத்தான் இடம்," என்றார் அதிகாரி, பல் தந்தியடிக்க.

"நான் ஒருத்திதான் சார். இவங்க சும்மா கொண்டு விட வந்திருக்காங்க."

"எப்ப போவாங்க?"

"விட்டதும்."

கலங்கரை விளக்கத்தின் சாவி கடைக்குட்டியின் கைக்கு வந்தது. அன்று மாலை அவள் சுழல்படியில் தனியாக ஏறினாள். மேலே கண்ணாடிக் கூண்டு, ஆள் உயரத்துக்கு விளக்கு. திரியைக் கத்தரித்தாள், எண்ணெய் விட்டாள், ஏற்றினாள், இயந்திரத்துக்குச் சாவி கொடுத்தாள். அவள் இத்தனை வருஷம் தூரத்திலிருந்து பார்த்த வெளிச்சம் அவள் தோளை உரசிக்கொண்டு கடல்மேல் போய்ச் சுழன்று வந்தது. நிசப்தம். உண்மையான, முழு நிசப்தம். காதுக்குள் அது தேன் மாதிரி இறங்கியது. அவள் சத்தமில்லாமல் சிரித்தாள்.

கீழே அம்மா திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்தாள்.

இது நடந்து இப்போது மூன்று மழைக்காலம் ஆகிறது.

சித்தப்பா அடுப்புக்கு மேலே மாட்டப்பட்டிருக்கிறார், கடல் தெரிகிற சுவரில். விடை அத்தை படகுக்காரர்களுக்கு நாளைய காற்று எந்தத் திசை என்று சொல்கிறாள். யாரும் கேட்பதற்கு முன்பே சொல்வதால் அவர்களுக்கு நேரம் மிச்சம். மூடுபனி நாட்களில் தலைவர் தன் தலையைப் பாறை முனையில் வைத்துவிட்டு வருவார். அது ராத்திரி முழுக்கக் கப்பல்களைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தும். அதற்குப் பிறகு அந்தப் பாறையில் ஒரு கப்பல்கூட மோதவில்லை என்பதால் அதிகாரி மற்றதைக் கண்டுகொள்வதில்லை.

மாலையில் திரி கத்தரிக்க மேலே ஏறும்போது கடைக்குட்டி சுழல்படியின் நடுவில் ஒரு நிமிடம் நிற்பாள். மேலே நிசப்தம் காத்திருக்கும். கீழே இரண்டு தலைமுறைகள் சீட்டாட்டத்தில் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்.

"அம்மா!" என்று கத்துவாள். "என்னைக் கொண்டுவிட வந்தீங்களே, எப்பம்மா விடப்போறீங்க?"

"விடுவோம்டி," என்று கீழேயிருந்து பதில் வரும், கரண்டிச் சத்தத்தோடு. "இப்ப என்ன அவசரம்?"